பதினெட்டு நிமிஷம்

அண்ணனுடைய ஆபீஸில் மூன்று கம்ப்யூட்டர்கள். ஒன்று அண்ணனுடையது, ஒன்று அண்ணியுடையது, மூன்றாவது ஸ்கேல் சாருடையது. ஸ்கேல் சார் அங்கே பன்னிரண்டு வருஷமாகக் கட்டட வரைபடம் போடுகிறவர். வரைவதெல்லாம் கம்ப்யூட்டரில் என்றான பிறகும் சட்டைப் பையில் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் இல்லாமல் வெளியே வரமாட்டார். அதனால் அந்தப் பெயர்.

இந்த மூன்றிலும் அன்றன்றைக்கு வரைந்ததெல்லாம் மதியம் ஒன்றேகாலுக்கு, எல்லோரும் சாப்பிட உட்காரும் நேரத்தில், பின்னறையில் இருக்கும் சர்வருக்கு நகலாகப் போய்ச் சேர்ந்துவிடும். பேக்கப் என்பது அவ்வளவுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்தவள் நான். செய்துகொடுத்த பாவத்துக்கு, அன்றிலிருந்து அங்கே எது மக்கர் பண்ணினாலும் போன் எனக்குத்தான். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் நான்தான். ஒரு தடவை ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று கூப்பிட்டார்கள்.

என் வேலை ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில். அங்கே நானூறு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அந்த நானூறும் சேர்ந்து கொடுக்காத தலைவலியை அண்ணனுடைய ஒரே ஒரு கம்ப்யூட்டர் கொடுத்த கதை இது.

பேக்கப் முடிந்ததா இல்லையா என்று தினமும் எனக்கு ஒரு மெயில் வரும். ஆஸ்பத்திரியில் புதுக் கட்டடம் திறந்த மாதம் அது. மூச்சுவிட நேரமில்லாமல் அந்த மெயில்களைப் பிரிக்காமலே விட்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை பிரித்துப் பார்த்தால், அண்ணன் கம்ப்யூட்டருக்கு நேரே சிவப்பு. அதற்கு முந்தின நாளும் சிவப்பு. கீழே போகப் போகச் சிவப்பு. கடைசியாகப் பச்சை விழுந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. மற்ற இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஒரு குறையும் இல்லை.

அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன்.

"நீ போட்டதுதானே?" என்றான்.

நான் போட்டதுதான், ஆனால் நாலு வருஷமாக ஓடிக்கொண்டிருந்த ஒன்று திடீரென்று நிற்காது, இந்தப் பத்தொன்பது நாளில் ஏதாவது மாறியதா என்று கேட்டேன். எதையும் தொடவில்லை என்றான். அண்ணியைக் கேட்டேன். பேக்கப் பக்கமே அவள் போவதில்லையாம். ஸ்கேல் சாரிடம் கேட்டால், தன் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கே தனக்குப் பயம், அடுத்தவர் கம்ப்யூட்டரை எதற்குத் தொடப்போகிறேன் என்றார். என் தொழிலில் இந்தப் பதிலைக் கேட்காத நாள் கிடையாது. யாரும் எதையும் தொடுவதில்லை. எல்லாம் தானாகவே கெட்டுப்போகிறது.

அன்று மதியம் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தபடியே அண்ணன் ஆபீஸ் சர்வருக்குள் நுழைந்து பார்த்தேன். சர்வரிலிருந்து அண்ணன் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டால் உடனே பதில் வந்தது. ஆள் வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் நகல் எடுக்கும் வேலையைத் தொடங்கினதும் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று ஒரு வரி. ஏன் என்று இல்லை. யாருக்கு யார் மறுத்தது என்று இல்லை. அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு அந்த வாரம் முழுக்க முட்டிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நேரிலேயே போனேன். வண்டியில் பத்து நிமிஷ தூரம். எனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மேஜை முழுக்க வரைபடச் சுருள்கள், காப்பிக் கோப்பை வைத்த வட்ட வட்டக் கறைகள். போன் எப்போதும்போல இழுப்பறைக்குள் கவிழ்ந்து கிடந்தது. ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கான வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம். இந்தப் படிக்கட்டை முடிச்சிடறேன்."

அந்த ஒரு நிமிஷம் முடிய முப்பது நிமிஷம் ஆனது. அண்ணனுடைய நிமிஷம் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். குளிக்கப் போகிறேன், ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் படம் போட உட்கார்ந்தால் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். எனக்கு மிஞ்சிய பத்து நிமிஷத்தில் பேக்கப்புக்கென்று இருக்கும் தனி பாஸ்வேர்டை மாற்றினேன், கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்துப் போட்டேன், சர்வரில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இடம் தாராளமாக இருந்தது. கையால் ஓட்டிப் பார்த்தேன். அனுமதி மறுக்கப்பட்டது. திறந்து வைத்திருந்த ஒன்பது வரைபடங்களையும் மூட வைத்துவிட்டேன் என்று அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். சாப்பிடாமலே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன்.

புதன்கிழமை கேபிளைச் சந்தேகப்பட்டேன். அண்ணன் காலடியில், மேஜைக்குக் கீழே தவழ்ந்து போய்ப் பழைய கேபிளை உருவிப் புதிதாகக் கொண்டுபோனதைச் செருகினேன். காய்ந்துபோன பேனா மூடி, ஏழெட்டு கிளிப், அண்ணன் மகளுடைய ஒற்றைச் சாக்ஸ், மூன்று வருஷத் தூசி எல்லாம் என் சுடிதாரில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தன. பேக்கப் வரவில்லை. வைரஸ் தடுப்பை ஐந்து நிமிஷம் நிறுத்திப் பார்த்தேன். வரவில்லை. கம்ப்யூட்டர் இடையில் தூங்கிப்போகிறதோ என்று அந்த அமைப்பை மாற்றினேன். அதுவும் இல்லை.

அண்ணன் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். "ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் பாக்கறீங்களா? நோயாளிங்க பாவம்."

மணி என்ன ஆயிற்று என்று சுவரைப் பார்த்தால் கடிகாரம் மாட்டியிருந்த இடத்தில் ஆணியும் வெளுத்த ஒரு வட்டமும்தான் இருந்தது. பேட்டரி ஒழுகிவிட்டது, கழற்றி வைத்திருக்கிறேன் என்று அண்ணி தன் மேஜையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். அவளும் நானும் அதிகம் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை. சண்டையெல்லாம் கிடையாது. விசேஷம், உடம்பு சரியில்லை, பிரிண்டர் என்று விஷயம் இருந்தால் பேசுவோம், இல்லாவிட்டால் இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மாவிடமிருந்து போன். அண்ணன் அவளிடம் புகார் வாசித்திருக்கிறான். அவன் ராப்பகலாக வரைகிறவன், அவனுக்கு என்ன தெரியும், நீ கொஞ்சம் கவனமாகப் பார்த்துக் கொடுக்கக்கூடாதா என்றாள். இரண்டு நாளாக நான் சாப்பிடாமல் மேஜைக்கடியில் தவழ்வதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சொன்னால் ஏன் சாப்பிடவில்லை என்று அதற்கு வேறு திட்டு விழும். சரி என்று வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்ற முடிவு. நல்லவேளையாக அண்ணன் இல்லை. கட்டடம் நடக்கும் இடத்துக்குப் போயிருந்தான், அங்கிருந்து அப்படியே மகளைப் பள்ளியில் அழைத்துக்கொண்டு வருவானாம். நாற்காலி காலி. சர்வர் தன் பங்குக்கு எழுதி வைத்திருக்கும் குறிப்புகளையும் அண்ணன் கம்ப்யூட்டர் எழுதி வைத்திருக்கும் குறிப்புகளையும் தாளில் அச்செடுத்து, பக்கத்துப் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படித்தேன்.

சர்வர் ஒன்று பதினைந்துக்குக் கதவைத் தட்டியதாக எழுதியிருந்தது. அண்ணன் கம்ப்யூட்டரோ ஒன்று முப்பத்து மூன்றுக்கு யாரோ தட்டியதாக எழுதியிருந்தது. இரண்டு தடவை நடக்கிறதோ என்று முதலில் குழம்பினேன். முந்தின நாளைப் பார்த்தேன். அங்கேயும் பதினைந்து, முப்பத்து மூன்று. அதற்கும் முந்தின நாள் அதேதான். திரையின் மூலையைப் பார்த்தேன். மணி மூன்று இரண்டு. என் போனைப் பார்த்தேன். இரண்டு நாற்பத்து நாலு.

பதினெட்டு நிமிஷம். அண்ணன் கம்ப்யூட்டரின் கடிகாரம் பதினெட்டு நிமிஷம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த சர்வர் நகல் வாங்குவதற்கு முன்னால் எதிரில் இருப்பது நிஜமாகவே நம்ம கம்ப்யூட்டர்தானா என்று சோதிக்கும். அப்போது இரண்டு பேருடைய கடிகாரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், யாரோ பழைய சாவியை வைத்துக்கொண்டு ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று எண்ணிக் கதவைச் சாத்திவிடும். இதைப் படித்துத்தான் நான் பரீட்சையே எழுதினேன். அதை விட்டுவிட்டு நான்கு நாளாகக் கேபிளை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். என் தலையிலேயே குட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

கடிகாரத்தைச் சரியாக வைத்தேன். தானாக நேரம் சரிபார்க்கும் வசதி அணைக்கப்பட்டிருந்தது. அதையும் போட்டுவிட்டேன். அது தானாக அணையாது, யாராவது அணைத்தால்தான் அணையும். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் கையால் ஓட்டிய பேக்கப் ஒவ்வொரு கோப்பாக நகர நகர, நான் அதைத் தவிர எதையும் பார்க்கவில்லை. நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. பச்சை. வெளியே போயிருந்த அண்ணி திரும்பி வந்ததும் அவளிடம் கடிகாரம் தப்பாக ஓடியது, உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி போயிருக்கும் என்று சொன்னேன். அப்படியா என்றாள். அண்ணனுக்குப் போன் செய்து சரியாகிவிட்டது என்றேன். அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மதியம் ஒன்று இருபதுக்கு மெயில் வந்தது. சிவப்பு.

நான் என்ன சத்தம் போட்டேனோ தெரியாது, பக்கத்து மேஜைக்காரி நாற்காலியோடு திரும்பிப் பார்த்தாள். மேலதிகாரி மீட்டிங் முடிந்து வரும்வரை காத்திருந்து, ஏதோ ஒரு காரணம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். போய்ச் சேர மணி மூன்றேகால். அண்ணன் மகளை அழைத்து வரக் கிளம்பிப்போயிருந்தான். அவன் நாற்காலியில் உட்கார்ந்து மூலையைப் பார்த்தேன். மூன்று முப்பத்து மூன்று. மறுபடியும் அதே பதினெட்டு நிமிஷம். தானாகச் சரிபார்ப்பதையும் மறுபடி அணைத்திருந்தார்கள். எந்த பேட்டரியும் இவ்வளவு கணக்காகக் கெடாது.

நேரத்தை மாற்றப் பாஸ்வேர்டு வேண்டும். அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் புது பிரிண்டரைப் போடவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோது, தொல்லை விட்டால் போதும் என்று அந்தப் பாஸ்வேர்டை இன்னொருத்தருக்கு போனிலேயே சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அண்ணி பின்னறையில் இருந்தாள். வழக்கமாக அந்த நேரத்தில் வரைபட அனுமதி அலுவலகத்தில் வரிசையில் நிற்பாள். அன்று அங்கே மனு வாங்காத நாள். சர்வருக்குப் பக்கத்தில் நின்று வரைபடங்களைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அண்ணன் கம்ப்யூட்டர்ல மணியை மாத்தினது நீங்கதானே?"

கையில் இருந்த சுருளுக்கு ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி முடித்தாள். "ஆமா."

மறுப்பாள் என்று நினைத்துச் சேர்த்து வைத்திருந்த கோபம் போக இடமில்லாமல் நின்றது. "நாலு நாளா கேக்கறேனே, எதையாவது தொட்டீங்களான்னு."

"பேக்கப்ல எதையாவது தொட்டீங்களான்னு கேட்ட. நான் பேக்கப்பைத் தொடல. மணியைத்தான் தொட்டேன்."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். பிறகு அவள் சொன்னதுதான் விஷயம்.

காலையில் குழந்தையைப் பள்ளியில் விடுவது அண்ணி, மதியம் மூன்றரைக்கு அழைத்து வருவது அண்ணன் என்று ஏற்பாடு. அனுமதி அலுவலகம் மனு வாங்குவது மதியத்தில்தான், உள்ளே வரிசை நகர்ந்து முடிய நாலு மணியாகும் என்பதால் அண்ணியால் போக முடியாது. அண்ணன் மூன்று ஐந்துக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். கிளம்பமாட்டான். ஒரு சுவர், ஒரு ஜன்னல், ஒரு படிக்கட்டு. பத்து நாளில் ஏழு நாள் அந்த கேட்டில் கடைசியாக நிற்கிற குழந்தை இவர்களுடையதுதான். ஒருநாள் மழையில் வாட்ச்மேன் தன் நாற்காலியைக் கொடுத்து உட்காரவைத்திருந்தாராம். அப்பா ஏன் வரவில்லை என்று டீச்சர் கேட்டால், ஒரு படிக்கட்டு முடிக்கணும், முடிச்சிட்டு வருவாங்க என்று அந்தக் குழந்தையே பதில் சொல்லப் பழகிவிட்டது. டீச்சர் அதை அண்ணியிடம் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணி சொல்லிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், அலாரம் வைத்துப் பார்த்தாள். அலாரத்தை அணைத்துவிட்டு வரைந்தான். அப்புறம் அவள் இரண்டு வாரம் ஒரு துண்டுத்தாளில் தினமும் அவன் எத்தனை நிமிஷம் தாமதமாகக் கிளம்புகிறான் என்று குறித்து வந்தாள். சராசரி பதினெட்டு. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினாள். போன் எப்படியும் இழுப்பறையில். வாட்ச் கட்டும் பழக்கம் அவனுக்கு இல்லை. காரில் இருக்கும் கடிகாரம் என்றைக்குமே சரியாக ஓடியதில்லை. மிஞ்சியது கம்ப்யூட்டரின் மூலை. அன்றிலிருந்து மூன்று வாரமாக ஒருநாள்கூடக் குழந்தை கேட்டில் காத்திருக்கவில்லை.

"அவருக்கே பெருமை. இப்பல்லாம் ட்ராஃபிக் குறைஞ்சிடுச்சுன்னு என்கிட்டயே சொல்றார்," என்றாள். முகத்தில் சிரிப்பில்லை. "உனக்கு சர்வர் பச்சையா இருக்கணும். எனக்கு அவ கேட்ல நிக்கக் கூடாது. நான் என்ன பண்ணட்டும்?"

பேக்கப் நிற்பதற்கு இது காரணம் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நேற்று நான் சொன்ன பிறகுதான் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் இன்று காலை மாற்றியிருக்கிறாள். அதற்காக அவளைக் கடிந்துகொள்ளலாம். ஆனால் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் குழந்தையை நினைத்துப் பார்த்ததும் அதை விட்டுவிட்டேன். வேறு ஏதாவது வழி யோசிக்கிறேன், திங்கட்கிழமை வரைக்கும் இப்படியே இருக்கட்டும் என்றேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். பதினோரு வருஷத்தில் அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

அப்போதே கடிகாரத்தைச் சரியாக வைத்து, ஒரு தடவை கையால் பேக்கப்பை ஓட்டிவிட்டுப் பழையபடி மாற்றி வைத்திருக்கலாம். கிளம்பும்போதே எனக்குத் தோன்றியது. ஆனால் அண்ணன் திரும்பி வரும் நேரம், வந்தால் ஏன் எதற்கு என்று ஆயிரம் கேள்வி கேட்பான், நேற்றைய நகல்தான் பத்திரமாக இருக்கிறதே, இரண்டு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரியில் எத்தனை டாக்டர்கள் என் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் நான் அரை மணி நேரம் பாடம் நடத்தியிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணன் கூப்பிட்டான். திரை கறுப்பாக இருக்கிறது, உள்ளேயிருந்து டிக் டிக்கென்று சத்தம் வருகிறது என்றான். அந்தச் சத்தத்தை போனிலேயே கேட்டேன். உடனே வண்டியை எடுத்தேன்.

டிஸ்க் செத்துவிட்டது. பிரித்துப் பார்த்து, இரண்டு மூன்று வழியில் உயிர்ப்பிக்கப் பார்த்து, முடியாது என்று தெரிந்த பிறகு புது டிஸ்க்கைப் போட்டு சர்வரிலிருந்து நகலை இறக்கினேன். மதியம் இரண்டு மணிக்கு எல்லாம் திரும்பி வந்தது. எல்லாம் என்றால் வியாழக்கிழமை வரைக்கும்.

அண்ணன் பள்ளிக்கூட வரைபடத்தைத் திறந்தான். கொஞ்ச நேரம் எதையோ தேடினான். "வெள்ளிக்கிழமை போட்டது எங்க? சனிக்கிழமை போட்டது?"

சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை உட்கார்ந்து படிக்கட்டு, கழிப்பறைப் பகுதி, மழைநீர் வடிகால் எல்லாவற்றையும் முடித்திருக்கிறான். புதன்கிழமை அந்த வரைபடத்தைக் கொடுத்தாகவேண்டும்.

இல்லை என்றேன்.

"வியாழக்கிழமையே சரியாயிடுச்சுன்னு சொன்னியே. உன்னை நம்பித்தானே இருந்தேன். ஒரு பேக்கப்பை ஒழுங்கா வைக்கத் தெரியாம நீயெல்லாம் எப்படி ஆஸ்பத்திரியில—"

"அவளைத் திட்டாதீங்க," என்றாள் அண்ணி. கதவருகில் நின்றிருந்தாள். "நான் பண்ணினது."

எல்லாவற்றையும் சொன்னாள். கேட், மழை, துண்டுத்தாள், பதினெட்டு நிமிஷம், எதையும் மறைக்கவில்லை, எதையும் கூட்டிச் சொல்லவுமில்லை. அவள் முடித்ததும், எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும், திங்கள் வரை இருக்கட்டும் என்று விட்டவள் நான்தான் என்று நானும் சொன்னேன். ஸ்கேல் சார் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு மெல்ல வெளியே போய்விட்டார்.

அண்ணன் கத்தப்போகிறான் என்று எதிர்பார்த்தேன். அவன் வரைபடத்தைப் பற்றியே பேசவில்லை.

"அப்போ ட்ராஃபிக் குறையலையா?" என்றான்.

அண்ணி இல்லை என்று தலையசைத்தாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். எத்தனை தடவைன்னு எனக்கே நினைவில்ல. நீங்க ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம்னீங்க."

அவன் எழுந்து மாடிப்படியில் போய் நின்றுகொண்டான். அன்று குழந்தையை அழைத்து வர யாரும் ஞாபகப்படுத்தாமல் இரண்டே முக்காலுக்கே கிளம்பிப் போனான்.

திங்கள் மதியத்திலிருந்து செவ்வாய் முழுக்கவும் அவனும் ஸ்கேல் சாரும் அந்த இரண்டு நாள் வேலையைத் திரும்பப் போட்டார்கள். ஸ்கேல் சாருக்கு வடிகாலின் சரிவு அளவுகள் மனப்பாடமாக இருந்தன. நான் இன்னொரு நாள் லீவு போட்டுவிட்டு, மணிக்கொரு தடவை பேக்கப் ஓடுகிறமாதிரி மாற்றி வைத்து, அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டர்களின் நேரத்தை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டினேன். பாஸ்வேர்டையும் மாற்றினேன். அண்ணி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்படியும் புதன்கிழமைக்கு முடியவில்லை. அண்ணி பள்ளிக்கூடத்துக்காரர்களிடம் தானே போய் ஒருநாள் தவணை கேட்டுக்கொண்டு வந்தாள். அவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தார்கள்.

அண்ணன் என்னோடு நேராகப் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே, மவுஸ் சரியாக நகரவில்லை என்று அந்த அம்மாவிடம் சொல்லுங்கள் என்று ஸ்கேல் சாரிடம் சொல்வான். அவரும் என் பக்கம் திரும்பி, மவுஸ் சரியாக நகரவில்லையாம் என்பார். அண்ணியிடம் பேசினான், ஆனால் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. நான் கிடந்து தவித்தேன். அண்ணி மட்டும் ஒன்றும் நடக்காததுபோல வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரம் மூடி வைத்ததைச் சொல்லித் தீர்த்துவிட்டதில் அவளுக்கு நன்றாகவே தூக்கம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை வரைபடத்தைக் கொடுத்து முடித்ததும் அவள்தான் ஒரு மாற்று ஏற்பாட்டைச் சொன்னாள். இனிமேல் மதியம் குழந்தையை அழைத்து வரத் தான் போவது, அனுமதி அலுவலகத்துக்கு அண்ணன் போவது. அவன் சரி என்றான். குழந்தையைவிட அலுவலகம் சுலபம் என்று நினைத்திருப்பான்.

அடுத்த வாரம் முதல் தடவையாகப் போனான். பேக்கப் எப்படி ஓடுகிறது என்று பார்க்க அன்று நானும் அங்கே இருந்தேன். மூன்றரைக்குத் திரும்பி வந்தான். போகும்போது கக்கத்தில் இருந்த ஐந்து சுருள்களும் அப்படியே கக்கத்தில் இருந்தன. ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தான். சரியாக மூன்று மணிக்குக் கதவை மூடிவிட்டார்களாம், இவன் போய்ச் சேர்ந்தது மூன்று ஐந்துக்காம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆள் உட்கார்ந்திருக்கிறானாம், இவனைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிக்கிறானாம், ஐந்து நிமிஷம், வெறும் ஐந்து நிமிஷத்துக்கு இப்படியா செய்வார்கள் என்று யாரைப் பார்த்துப் பேசுகிறோம் என்பதை மறந்து என்னைப் பார்த்தே கேட்டான்.

நான் கீழே குனிந்துகொண்டேன்.

"பத்து வருஷமா அப்படித்தான் மூடறாங்க சார்," என்றார் ஸ்கேல் சார். "மேடம் ரெண்டரைக்கே போய் நிப்பாங்க."

அண்ணன் அந்தச் சுருள்களைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அண்ணியும் குழந்தையும் வந்தபோது அவனே கதவைத் திறந்து, அன்று வரிசையில் நிற்கக்கூட இடம் கிடைக்காமல் திரும்பி வந்ததை முதலிலிருந்து சொன்னான். மறுநாள் எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும் என்று அவளிடமே கேட்டான். இரண்டுக்கு என்றாள் அண்ணி. கொஞ்சம் முன்னாலேயே சொல்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம்தான், ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை.